வரிக்குதிரை விமானமும் ஒரு கால்நடை வைத்தியரும்

நம் கல்லூரி விலங்கியல் துறை நூலகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று இருந்தது. எழுபதுகளின் கடைசியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் மேல்தட்டில் தடித் தடியாய்ப் பதின்மூன்று புத்தகங்கள் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கிடையாது. அங்கேயே உட்கார்ந்து புரட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். வகுப்பு இல்லாத மத்தியானங்களில் படம் பார்ப்பதற்கென்றே போய் உட்காருவோம். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் 'கிர்சிமெக்' என்று ஒரு பெயர். அதை எப்படி உச்சரிப்பது என்று எங்களுக்குள் பட்டிமன்றமே நடக்கும். ஜெர்மன்காரர்கள் நடுவிலுள்ள 'ர'வை விழுங்கிவிட்டு 'கிஷிமெக்' என்பதுபோலச் சொல்வார்கள் என்பது ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது.

பெயர் வாயில் நுழையவில்லை. ஆள் யார் என்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் என்றுதான் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அவர் ஒரு கால்நடை மருத்துவர். குண்டு விழுந்து தரைமட்டமான ஒரு மிருகக்காட்சிசாலையை எடுத்து நிறுத்தியவர். தொலைக்காட்சியில் முப்பது வருஷம் மிருகங்களுக்காக வாதாடியவர். ஆப்பிரிக்காவின் ஒரு மாபெரும் புல்வெளியைக் காப்பாற்றப் போய், பெற்ற மகனை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பியவர்.

இன்றைய மாணவர்களுக்கு டிஸ்கவரி தெரியும், நேஷனல் ஜியாகரஃபிக் தெரியும். டிஸ்கவரி சேனல் பிறந்தது 1985இல். அதற்கு ஏறத்தாழ முப்பது வருஷம் முன்பே, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் இந்த மனிதர் வந்துவிட்டார். அவரைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

கோழிகளோடு தொடங்கிய வாழ்க்கை

பெர்ன்ஹார்ட் கிர்சிமெக் 1909 ஏப்ரல் 24 அன்று நைஸ்ஸே என்ற ஊரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியின் சைலீசியப் பகுதி. இன்று போலந்தில் 'நிசா' என்ற பெயரில் இருக்கிறது. தந்தை வக்கீல். பையன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். வீட்டில் பையனுக்குக் கோழி, ஆடு என்று வளர்ப்பதில்தான் நாட்டம். கால்நடை மருத்துவம் படிக்க லைப்ஸிக், பெர்லின் என்று போனார். படிப்பு முடிவதற்குள்ளேயே, 1930இல், ஹில்டேகார்ட் என்ற பெண்ணை மணந்தார். ரோக்குஸ், மைக்கேல் என்று இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பிற்பாடு தாமஸ் என்ற பையனைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

முதல் உத்தியோகம் என்ன தெரியுமா? கோழியும் முட்டையும்தான்! பெர்லினில் விவசாய அமைச்சகத்தில் கோழி நோய்களைப் பற்றி எழுதிக்கொண்டும், முட்டை விஷயங்களைக் கவனித்துக்கொண்டும் இருந்தார். யுத்தம் வந்ததும் ராணுவத்தில் கால்நடை மருத்துவரானார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. குதிரைகளை வைத்துக்கொண்டு அவை எப்படிப் பார்க்கின்றன, எதை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று சோதித்துப் பார்த்தார். மிருகங்களின் மனத்தைப் புரிந்துகொள்ளும் ஆசை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹிட்லரின் கட்சியில் அவர் 1937இல் உறுப்பினராகச் சேர்ந்ததாக ஆவணங்கள் காட்டுகின்றன. யுத்தம் முடிந்தபின் அவர் அதை மறுத்தார். அதனால் 1947-48இல் கொஞ்ச காலம் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். விசாரணைக்குப் பிறகு திரும்பவும் அமர்த்தப்பட்டார். பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இந்த மாதிரிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் படிப்பது சரியில்லை.

குண்டு விழுந்த மிருகக்காட்சிசாலை

1945 மே மாதம். பிராங்க்ஃபர்ட் நகரம் இடிபாடாகக் கிடக்கிறது. 1858இல் தொடங்கிய அந்த ஊர் மிருகக்காட்சிசாலை, 1944 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் ஏறக்குறைய அழிந்தே போச்சு. கட்டடம் இல்லை, வேலி இல்லை, தீவனம் இல்லை. உயிர் பிழைத்த பெரிய மிருகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனிதர்களுக்கே ரொட்டி கிடைக்காத நேரத்தில் மிருகங்களுக்கு யார் போடுவார்? இழுத்து மூடிவிடலாம் என்பதுதான் அதிகாரிகளின் எண்ணம்.

அந்த நேரத்தில் இயக்குநராக வந்து சேர்ந்த கிர்சிமெக்குக்கு வயது 36. யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. குண்டு விழுந்த பள்ளங்களை மூடினார், இருந்ததை வைத்து ஒட்டுப்போட்டார், ஜூலை 1ஆம் தேதி கதவைத் திறந்துவிட்டார். மிருகங்கள் குறைவுதானே, ஜனங்கள் எதைப் பார்க்க வருவார்கள்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ராட்டினம், நடனம், நாடகம் என்று ஒரு பொருட்காட்சி மாதிரியே நடத்தினார். யுத்தத்தில் நொந்துபோன ஜனங்கள் ஒரு மாலை நேரத்தை நிம்மதியாகக் கழிக்க அங்கே வந்தார்கள். அந்த வசூலில் மிருகங்கள் பிழைத்தன. கூட்டம் வருகிற இடத்தை மூடச் சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை.

ஜனங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் மிருகங்களைக் காப்பாற்ற முடியும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார். 1974 வரை, 29 வருஷம், அந்தப் பதவியில் இருந்தார். பிராங்க்ஃபர்ட் விலங்கியல் சங்கத்துக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் தலைமை தாங்கினார்.

மேஜைமேல் ஏறிய சிவிங்கிப்புலி

1956 அக்டோபர் 28. ஜெர்மன் தொலைக்காட்சியில் 'மிருகங்களுக்கு ஓர் இடம்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நிகழ்ச்சி ஆரம்பமானது. கோட்டும் டையும் அணிந்த ஒரு மனிதர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்கால் பேசுவது போன்ற இழுவைக் குரலில், அவசரமே இல்லாமல் பேசுவார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, மேஜைமேல் ஒரு சிவிங்கிப்புலி உலாத்தும். இல்லாவிட்டால் ஒரு குரங்குக்குட்டி அவர் தலைமுடியைப் பிய்க்கும். அவர் முகத்தில் சலனமே இருக்காது. பேச்சும் நிற்காது. வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு மிருகம் வேடிக்கை. பெரியவர்களுக்கோ இந்த மனிதர் கடிபடாமல் எழுந்திருப்பாரா என்ற கவலை!

வேடிக்கை காட்டுவது அவருடைய உபாயம் மட்டுமே. பார்ப்பவர்களின் மனம் இளகிய நேரம் பார்த்து விஷயத்துக்கு வருவார். சிறுத்தைத் தோலில் கோட்டு போட்டுக்கொள்ளும் சீமாட்டிகளைச் சாடுவார். கனடாவில் சீல் குட்டிகளை அடித்துக் கொல்லும் காட்சியைப் போட்டுக் காட்டுவார். இறக்கை விரிக்க இடமில்லாத கூண்டுகளில் கோழிகளை அடைத்து முட்டை எடுக்கும் முறையைக் கண்டிப்பார். முட்டை இலாகாவில் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர் அல்லவா, உள்விவகாரம் எல்லாம் தெரியும்! கடைசியில், ஆபத்திலிருக்கும் மிருகங்களுக்காகப் பணம் அனுப்புங்கள் என்று வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லி முடிப்பார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து அனுப்பினார்கள். இப்படி 1987 வரை 175 நிகழ்ச்சிகள். சீல் குட்டித் தோல் இறக்குமதிக்கு ஐரோப்பிய நாடுகள் 1983இல் தடை விதித்ததன் பின்னால், அவரைப் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போட்ட கூச்சலும் இருந்தது.

அவர் எவ்வளவு பிரபலம் என்பதற்கு ஒரு தமாஷ். லோரியோ என்ற நகைச்சுவை நடிகர் 1976இல் கிர்சிமெக் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு, கல்லைத் தின்னும் பேன் என்ற இல்லாத ஒரு ஜந்துவைப் பற்றிச் சிரிக்காமல் விளக்கம் சொன்னார். ஜெர்மனியே சிரித்தது. 1983இல் ஒரு பெரிய மருத்துவ அகராதியே அந்தக் கல் பேனை ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டது. அகராதிக்காரர்களுக்கும் குறும்பு உண்டு, பாருங்கள்.

தந்தையும் மகனும்

இளைய மகன் மைக்கேல் 1934இல் பிறந்தவன். குழந்தையாக இருந்தபோதே வீட்டில் மிருகங்களோடு வளர்ந்தவன். தந்தைக்கு மகன் மட்டுமல்ல. கூட்டாளி, சிநேகிதன், கேமராமேன் எல்லாம் அவன்தான். காங்கோ காடுகளுக்குப் போய் வந்து, தந்தை எழுதிய புத்தகத்தை மையமாக வைத்து இருவரும் ஒரு படம் எடுத்தார்கள். காட்டு மிருகங்களுக்கு இந்த உலகத்தில் இடமில்லாமல் போகிறது என்பதே படத்தின் சாரம். 1956இல் பெர்லின் திரைப்பட விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. அப்போது மைக்கேலுக்கு வயது 22. கையில் நல்ல வசூலும் வந்தது.

இன்னொருவராக இருந்தால் வீடு வாங்கியிருப்பார். இவர்கள் என்ன செய்தார்கள்? பிரிட்டிஷார் ஆண்டுகொண்டிருந்த டாங்கனீக்காவில், அதாவது இன்றைய டான்சானியாவில், செரெங்கெட்டி என்ற தேசியப் பூங்கா 1951இல் அமைந்திருந்தது. அந்தப் பூங்காவைச் சுருக்கி, நொரொங்கோரோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியைப் பிரித்துவிட அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. பணம் தருகிறோம், நிலம் வாங்கிப் பூங்காவோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தந்தையும் மகனும் போய் நின்றார்கள். பூங்காக்களின் இயக்குநராக இருந்த பீட்டர் மொல்லாய் வேறு யோசனை சொன்னார். அங்கே எத்தனை மிருகங்கள் இருக்கின்றன, அவை எந்த மாதத்தில் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமலே வரைபடத்தில் கோடு போடப்போகிறார்கள். நிலத்துக்குச் செலவழிப்பதை விட, அந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும் என்பதே அவர் யோசனை.

எண்ணப் போனவர்கள்

எண்ணுவது என்றால் சும்மாவா? பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் புல்வெளி. ஜீப்பில் போனால் ஒரு வருஷம் ஆனாலும் முடியாது; அதற்குள் மந்தை இடம் மாறிவிடும். வானத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இருவரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தந்தைக்கு அப்போது 48 வயது! மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கக்கூடிய, சின்ன இடத்தில் இறங்கக்கூடிய டோர்னியர் 27 என்ற சிறு விமானத்தை வாங்கினார்கள். அதன்மேல் வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள். பதிவு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஜெர்மன் மொழியில் 'வாத்து' என்று வரும். இப்படி வரிக்குதிரை வேஷம் போட்ட அந்த வாத்து 1957 டிசம்பரில் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து கிளம்பி, கண்டம் தாண்டி, செரெங்கெட்டி போய்ச் சேர்ந்தது.

1958இல் எண்ணத் தொடங்கினார்கள். புல்வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் நேர்கோடாகத் தாழப் பறந்து, விமானத்தின் இரு பக்கமும் ஆள் உட்கார்ந்து எண்ணினார்கள். வெயிலும் குலுக்கலும் குமட்டலுமாக நாள் முழுக்க அதே வேலை. கடைசியில் கிடைத்த மொத்தம் 3,66,980 பெரிய மிருகங்கள். அதில் வில்டபீஸ்ட் என்ற, மாட்டு முகமும் தாடியும் கொண்ட மான் இனம் 99,481. வரிக்குதிரை 57,199. மீதியில் பெரும்பகுதி கெஸல் மான்கள்.

அடேயப்பா, ஒன்று விடாமலா என்று கேட்கலாம். அந்தக் கணக்கு துல்லியம் இல்லை என்பதே உண்மை. 1961இல் மற்றவர்கள் எடுத்த கணக்கில் வில்டபீஸ்ட் மட்டுமே இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய பரப்பில் வானத்திலிருந்து முறைப்படி எண்ணிப் பார்க்கலாம் என்று வழி காட்டியது அவர்கள்தான். பிற்பாடு வந்தவர்கள் அந்த வழியைச் செம்மை செய்தார்கள். விஞ்ஞானத்தில் முதல் கணக்கு தப்பாக இருப்பது குற்றமில்லை. கணக்கே போடாமல் கோடு கிழிப்பதுதான் குற்றம்.

எண்ணியதோடு நிற்கவில்லை. மிருகங்களைப் பிடித்துக் கழுத்தில் வர்ணப் பட்டை மாட்டிவிட்டு, அவை எங்கே போகின்றன என்று மேலிருந்து தொடர்ந்தார்கள். புல்லைப் பிடுங்கி வந்து ஆராய்ந்தார்கள். மழைக்காலத்தில் மந்தைகள் தென்கிழக்கிலுள்ள குட்டைப்புல் வெளிக்கு வருகின்றன. அது எரிமலைச் சாம்பல் படிந்த மண். அங்கே முளைக்கும் புல்லில் சத்து அதிகம். கன்று போடுவதும் அங்கேதான். மழை நின்றதும் மேற்கே, வடக்கே என்று தண்ணீர் இருக்கும் பக்கம் நகர்கின்றன. பிறகு மறுபடி திரும்புகின்றன. அரசாங்கம் வெட்டி எடுக்க நினைத்த கிழக்குப் பகுதி, மந்தைகள் வருஷத்தில் சில மாதம் கட்டாயம் தங்கும் இடமாக இருந்தது. பூங்காவின் எல்லை ஒரு பக்கம், மிருகங்களின் பாதை இன்னொரு பக்கம்! செரெங்கெட்டி ஆராய்ச்சியின் மையமான கேள்வி அன்றே மேஜைக்கு வந்துவிட்டது.

1959 ஜனவரி 10

வேலை முடியும் தறுவாய். படப்பிடிப்பும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அன்று மைக்கேல் தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தந்தை கூடப் போகவில்லை. வானத்தில் பறந்துகொண்டிருந்த பிணந்தின்னிக் கழுகு ஒன்று விமானத்தின் வலது இறக்கையில் மோதியது. இறக்கை நசுங்கி, கட்டுப்பாட்டுக் கம்பிகள் சிக்கிக்கொண்டன. விமானம் தலைகுப்புற விழுந்தது. மைக்கேலுக்கு வயது 24. ஊரில் மனைவி எரிகா, ஒரு குழந்தை, வயிற்றில் இன்னொன்று.

நொரொங்கோரோ என்பது ஒரு பழைய எரிமலை வாய். பெரிய கிண்ணம் மாதிரி இருக்கும். அடியில் யானையும் சிங்கமும் காண்டாமிருகமும் உலவும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் மைக்கேலை அடக்கம் செய்து, கல் அடுக்கிக் கோபுரம் போல் கட்டினார்கள். ஆப்பிரிக்காவின் காட்டு மிருகங்களுக்காகத் தன்னிடம் இருந்ததை எல்லாம், உயிரையும் சேர்த்துக் கொடுத்தவன் என்ற கருத்தில் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் என்ன செய்வார்? கிர்சிமெக் பிராங்க்ஃபர்ட் திரும்பி, மகன் எடுத்த படச்சுருள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டி ஒட்டி முடித்தார். இருவர் பெயரும் போட்டுப் புத்தகத்தை எழுதி முடித்தார். செரெங்கெட்டி சாகக்கூடாது என்பதுதான் இரண்டுக்கும் தலைப்பு. 1959இல் படம் வெளிவந்தது. 1960இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தது. யுத்தத்துக்குப் பிந்தைய ஜெர்மனிக்கு அதுதான் முதல் ஆஸ்கார். பரிசு வந்த வேளையில் அதைச் சேர்ந்து கொண்டாட வேண்டியவன் இல்லை.

கணக்கில் வராதவர்கள்

நான் அந்தப் புத்தகத்தை முதலில் படித்தபோது 19 வயது. கழுகு மோதிய பக்கத்தில் கண் கலங்கிவிட்டது. மசாய் மக்களைப் பற்றி வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். பல வருஷம் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான், அன்று புரட்டிவிட்ட பக்கங்கள் மனசை உறுத்தின.

செரெங்கெட்டி என்ற பெயரே மசாய் மொழியிலிருந்து வந்ததுதான். முடிவில்லாத வெளி என்று பொருள். மசாய்கள் மாடு மேய்ப்பவர்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்வெளியில் மந்தையோடு நடந்தவர்கள். பெரும்பாலும் வேட்டையாடாதவர்கள். கிர்சிமெக்கின் கொள்கை வேறு. தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மனிதன் வசிக்கக்கூடாது, அந்த மண்ணின் மனிதனாக இருந்தாலும் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மாடு பெருகினால் புல் போகும், தண்ணீர் போகும், கடைசியில் இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் வாதம்.

1958இல் பன்னிரண்டு மசாய்ப் பெரியவர்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பம் வாங்கினார்கள். மசாய்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற வேண்டும்; பதிலாக நொரொங்கோரோ பக்கம் வாழலாம், தண்ணீர் வசதி செய்து தரப்படும் என்று பேச்சு. 1959இல் எல்லை மாற்றி வரையப்பட்டது. நொரொங்கோரோ தனிக் காப்பகமாகப் பிரிந்தது. அதில் மிருகமும் மசாயும் சேர்ந்து வாழலாம். செரெங்கெட்டிக்கு வடக்கே வேறு நிலம் சேர்ந்தது. கிழக்கைப் பிரிக்க வேண்டாம் என்ற கிர்சிமெக்கின் வாதம் எடுபடவில்லை. மசாய்கள் செரெங்கெட்டியில் இருக்க வேண்டும் என்ற வாதமும் எடுபடவில்லை. கிர்சிமெக் கேட்ட இரண்டில் ஒன்று நடந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் மசாய்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1974இல் எரிமலைக் கிண்ணத்தின் அடித்தளத்தில் குடியிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1959இல் நொரொங்கோரோவில் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். 2017இல் 90,000க்கும் மேல். கூட்டம் தாங்காது என்று அரசாங்கம் சொல்ல, 2022 முதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சொமேரா என்ற இடத்துக்கு மசாய்களைக் குடிபெயர்க்கும் வேலை நடந்தது. அதே வருஷம் பக்கத்து லொலியொண்டோவில் மேய்ச்சல் நிலத்தில் எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்தது. போகமாட்டோம் என்று மசாய்கள் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் போனார்கள்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1961இல் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1977க்குள் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. காரணம் என்ன? ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு வெக்கை நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் வந்து, மாடுகளையும் வில்டபீஸ்ட் கன்றுகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், அறுபதுகளின் தொடக்கத்தில் காட்டு மிருகங்களிடமிருந்தும் நோய் மறைந்துவிட்டது. மசாய் மாடு ஆரோக்கியமாக இருந்தபோது காட்டு மிருகமும் பிழைத்தது. கால்நடை மருத்துவரான கிர்சிமெக்குக்கு இதில் ஒரு சேதி இருந்தது. வேலிக்கு உள்ளே ஓர் உலகம், வெளியே இன்னோர் உலகம் என்று நோய்க்கிருமி பார்ப்பதில்லை.

சொல்லிச் சொல்லியே வந்த சுற்றுலா

1961 டிசம்பரில் டாங்கனீக்கா சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரன் போய்விட்டால் பூங்காக்கள் போச்சு என்று ஐரோப்பாவில் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். கிர்சிமெக் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. புதிய தலைவர் ஜூலியஸ் நைரேரேயோடு நட்புக் கொண்டார். சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முன்பே, காட்டு மிருகங்களைக் காப்போம் என்று அருஷா நகரில் நைரேரே உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை ஏழை நாடு ஒன்று காப்பாற்ற வேண்டுமானால் கையில் காசு வேண்டுமே? மிருகம் உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்று காட்ட வேண்டும் என்று கிர்சிமெக் கணக்குப் போட்டார்.

அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் குறைந்த செலவில் குழுவாகப் போய்வரும் சுற்றுலா இருக்கிறது என்று சாவதானமாகச் சொன்னார். அப்படி ஒரு சுற்றுலா அன்று இல்லவே இல்லை! மறுநாள் ஜனங்கள் பயண ஏஜென்சிகளை மொய்த்தார்கள். எங்களுக்குத் தெரியாதே என்று விழித்த ஏஜென்சிக்காரர்கள், கேட்பவர் கூட்டத்தைப் பார்த்துத் தாங்களே ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சொன்ன பொய் இப்படி மெய்யாயிற்று. இன்று டான்சானியாவின் அந்நியச் செலாவணியில் சுற்றுலாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தேசியப் பூங்காக்கள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. 1981இல் செரெங்கெட்டி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பூங்காவுக்குக் குறுக்கே நெடுஞ்சாலை போடும் திட்டம் 2010இல் கிளம்பியபோது உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்ததற்கு, அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரும் ஒரு காரணம்.

மிருகங்களுக்கு நன்மை என்றால் யாரோடும் கை குலுக்குவார். சர்வாதிகாரிகளைக்கூட ஒதுக்கவில்லை. அதற்காக ஏச்சும் வாங்கினார்.

சொந்த நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. 1970இல் ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவாகப் பவேரியக் காடு திறக்கப்பட்டதற்கு முன்னின்றவர்களில் அவர் ஒருவர். அதே ஆண்டில் மத்திய அரசின் இயற்கைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆனார். காகிதம் நகர்கிறதே தவிர காரியம் நகரவில்லை என்று கண்டு 1973இல் உதறிவிட்டு வந்தார். நம் நூலகத்தில் இருந்த கலைக்களஞ்சியம் ஜெர்மனில் 1967 முதல் 1972 வரை வெளிவந்தது; பிறகுதான் ஆங்கிலத்துக்கு வந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் எழுத, அவர் தொகுத்தார்.

வெளியே இவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் வீட்டுக்குள் துக்கம் தீரவில்லை. முதல் திருமணம் 1973இல் முறிந்தது. 1978இல் மைக்கேலின் மனைவி எரிகாவை மணந்தார். தத்து எடுத்த மகன் தாமஸ் 1980இல் இறந்துபோனார்.

கடைசி மாலை

1987 மார்ச் 13. பிராங்க்ஃபர்ட்டில் ஒரு சர்க்கஸ். பார்வையாளர் வரிசையில் கிர்சிமெக் உட்கார்ந்திருக்கிறார். வயது 77. வளையத்துக்குள் புலி வித்தை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அஸ்தியை டான்சானியாவுக்குக் கொண்டுபோய், நொரொங்கோரோ விளிம்பில் மைக்கேலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். செரெங்கெட்டி போகும் வண்டிகள் அந்த வழியாகத்தான் போகின்றன. இறங்கிப் பார்ப்பவர்களும் உண்டு. தூசி கிளப்பிக்கொண்டு போய்விடுபவர்களும் உண்டு. அதே வழியில் மாட்டு மந்தையோடு மசாய்ப் பையன்களும் போவார்கள்.

இந்த ஆண்டு நம் விலங்கியல் துறையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் மேடையில் பேசலாம். கிர்சிமெக் பேசுவதற்கு முன் எண்ணினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, 48 வயதில் விமானம் கற்றுக்கொண்டு போய் எண்ணினார். அந்த உழைப்பை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வானத்திலிருந்து எண்ணும்போது மந்தை தெரியும், பாதை தெரியும். அங்கே வாழும் மனிதனின் நியாயம் தெரியாது. அதற்குக் கீழே இறங்கி, அவன் குடிசை வாசலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தப் பாதி வேலையை அவர் செய்யவில்லை. நம் நாட்டுக் காடுகளிலும் அதே பாதி வேலை மிச்சம் இருக்கிறது. நாளைக்கு வன அதிகாரியாகவோ ஆராய்ச்சியாளராகவோ நீங்கள் போய் நிற்கப்போகும் இடம் அதுதான்.

அடுத்த முறை நூலகம் போனால் அந்தப் பழைய பீரோ இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பதின்மூன்றில் ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் புரட்டுங்கள். எங்கள் காலத்துக் கைரேகைகள் அதில் இருக்கும். அடுத்த கூடுகையில் சந்திக்கும்போது, அந்தப் பெயரை நீங்கள் எப்படி உச்சரித்தீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.